வாசலில் தொடங்கி உள்ளே மெழுகினோம்

"வெடீ! வெடீ! வெடி!"

ஓடுகிறேன். இடுப்பில் குடம். குடத்தைப் போடவில்லை. வலப்பக்கம் மரவள்ளிக் கொல்லை. இடப்பக்கம் வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. நல்லது. எனக்கு முன்னால் சின்னப்பொண்ணு போகிறாள். எதிர் வீட்டுக்காரி. ஆடி அசைந்து நடக்கிறாள். ஓடவில்லை. முட்டாள்.

"படுங்கோ! படு!" என்று கத்தினேன்.

அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் வாய்க்காலில் விழுந்தோம். அவள் குடம் என் முழங்காலில் இடித்தது. முகம் மண்ணில். வாயைத் திற. காதைப் பொத்து. முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தரையிலிருந்து தூக்கு. உடம்பு எதையும் மறக்கவில்லை.

முதலில் தரை வருகிறது. கீழிருந்து வயிற்றில் ஒரு குத்து. பிறகு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தகரக் கூரைகளின் மேல் சரளைக்கல் விழுகிறது. தடதடதட. நிற்கிறது. கடைசியாக ஒரு கல் தனியாக விழுகிறது.

கூவல் இல்லை. அதைக் கவனித்தேன். ஷெல் என்றால் முதலில் தூரத்தில் "டும்". அது புறப்படும் சத்தம். பிறகு காற்றைக் கிழிக்கும் கூவல். கூவல் கேட்டால் அது உன்னைத் தாண்டிப் போகிறது. கேட்காவிட்டால் அது உனக்கு. இங்கே கூவல் கேட்கவில்லை. அதனால் எழுந்திருக்காமல் கிடந்தேன்.

பக்கத்தில் சின்னப்பொண்ணு குலுங்குகிறாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, இன்னாக்கா நீ! குவாரிக்கா. கல்லு ஒடைக்கிறானுங்க. கத்துறதே எங்க வூட்டுக்காருதான்."

இந்தப் பக்கத்துப் பாறையில் வைத்த முதல் வெடி அது. இடம், கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலை தொடங்கும் அடிவாரம். ஒரே தெரு. ஏழு வீடுகள். என் பெயர் தவமலர். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. சிலோன் அக்கா என்பார்கள். போர் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் நான் இந்த ஊருக்கு வந்தேன்.

அன்று வீட்டுக்குள் போனேன். அடுக்களையில் பாத்திரங்கள் எல்லாம் தரையில். பெரிய குண்டானிலிருந்து சின்னக் கிண்ணம்வரை. மாடத்திலிருந்து தீப்பெட்டி விழுந்து குச்சிகள் சிதறிக் கிடந்தன. கை நடுங்கியது. நிறுத்த முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினேன். துடைத்தேன். வைத்தேன். கடைசிக் கிண்ணம் அதன் இடத்தில் உட்கார்ந்த பிறகு கை நின்றது.

இதைப் படிப்பவர்களில் சிலர் இப்போதே சிரிப்பார்கள். பாத்திரம் அடுக்கினால் பயம் போகுமா என்று கேட்பார்கள். போகும். எனக்குப் போனது. எப்படி என்று சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

*

வன்னி. போரின் கடைசி மாதங்கள். எந்த வருடம் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் வெட்கப்படுங்கள். தேதிகளை என்னிடம் கேட்காதீர்கள். அங்கே நாட்களுக்குப் பெயர் போய்விட்டது. கஞ்சி கிடைத்த நாள். கிடைக்காத நாள். அவ்வளவுதான். சத்தங்களைக் கேளுங்கள், சொல்கிறேன்.

நாங்கள் நாலு பேர். அம்மா. அக்கா கௌரி. அக்காவின் கைக்குழந்தை. நான். அப்பா முன்பே செத்துப்போய்விட்டார். ஊரை விட்டுக் கிளம்பும்போது மாட்டு வண்டி நிறையச் சாமான். அடுத்த இடத்துக்கு சைக்கிள் நிறைய. அதற்கடுத்த இடத்துக்குத் தலைச்சுமை. கடைசியில் கூரைக்குக் கட்டும் தறப்பாள் ஒன்று, தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் கான் ஒன்று, ஒரு மண்வெட்டி, ஒரு துணி மூட்டை.

ஒவ்வொரு இடத்திலும் பங்கர் வெட்டினோம். ஆள் குந்தியிருக்கும் ஆழத்துக்கு ஒரு குழி. மேலே பனங்குற்றி, அறுத்த பனைமரத் துண்டுகள். அதற்கு மேல் மண் மூட்டை. மூட்டைக்குச் சாக்கு கிடையாது. சேலைகளைத் தைத்து மண் நிரப்பினோம். அம்மாவின் கூறைச் சேலையும் போனது.

குழி வெட்டி முடிந்ததும் நான் கூட்டுவேன். பனையோலையைக் கிழித்துக் கட்டிய துடைப்பம். மண்ணுக்குள் மண்ணைக் கூட்டுவேன். பிறகு சாமானை வைப்பேன். வாசலின் வலப்பக்கம் தண்ணீர் கான். இடப்பக்கம் மூட்டை. உள்ளே, தலைமட்டத்தில், சுவரில் ஒரு பொந்து. அதில் தீப்பெட்டியும் தோய்த்துக் காயவைத்து மடித்த பழந்துணியும். செருப்புகள் வெளியே பார்த்தபடி. காலை நுழைத்ததும் ஓட முடிய வேண்டும். எல்லா இடத்திலும் இதே வரிசை. இடம் மாறியது. வரிசை மாறவில்லை.

அக்காவுக்கு எரிச்சல் வரும்.

"விசரி. சாகப்போற இடத்தை ஏனடி கூட்டுறாய்?"

"செத்தாலும் குப்பைக்குள்ள சாகமாட்டன்."

பக்கத்துப் பங்கர்காரர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர், "பிள்ளை, எங்கட மாளிகையையும் ஒருக்கால் கூட்டி விடன்," என்றார். கூட்டி விட்டேன். அவர் அடுத்த நாள் உயிரோடு இல்லை. சுத்தமான இடத்தில்தான் போனார்.

நான் வீராங்கனை இல்லை. பயந்து மூத்திரம் போனவள். ஆனால் கூட்டும்போது பயம் கையைவிட்டுப் போனது. மூட்டையை இடப்பக்கம் வைக்கும்போது, இந்த ஒரு விஷயத்தை நான் தீர்மானிக்கிறேன், ஷெல் அடிக்கிறவன் தீர்மானிக்கவில்லை என்று தெரிந்தது. மற்ற எல்லாவற்றையும் அவன் தீர்மானித்தான். எப்போது சாப்பிடுவது, எப்போது ஓடுவது, யார் சாவது. தண்ணீர் கான் எந்தப் பக்கம் என்பதை மட்டும் அவனிடம் விடவில்லை.

ஒரு நண்பகல். அம்மா கஞ்சி வரிசையில் நிற்கப் போயிருந்தாள். தூரத்தில் "டும்". யாரோ கத்தினார்கள்.

"பங்கருக்க இறங்குங்கோ!"

இறங்கினோம். அக்கா பின்னால். கூவல் இல்லை. வெளிச்சம் போனது. காது போனது. வாய் நிறைய மண். ஒன்றும் தெரியவில்லை. குழந்தை கத்துவது தொடையில் அதிர்வாகத்தான் தெரிந்தது. அக்காவின் கையைத் தொட்டேன். சூடாக ஒழுகியது.

என் கை சுவருக்குப் போனது. பொந்து. துணி. எடுத்தேன். வலப்பக்கம் நீட்டினேன். கான். கண்ணை மூடிக்கொண்டே எல்லாம் செய்தேன். தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். குழந்தையின் மூக்கிலும் வாயிலும் இருந்த மண்ணைக் கழுவினேன். தேடவில்லை. தேடியிருந்தால் குழந்தை மூச்சு முட்டிப் போயிருக்கும்.

அம்மா வரவில்லை. கஞ்சி வரிசை இருந்த இடத்துக்குப் போனேன். அங்கே பார்த்ததை எழுத மாட்டேன். அம்மாவின் கையில் தூக்குச்சட்டி இருந்தது. மூடி சரியாக மூடியிருந்தது.

அக்கா அந்தக் கையோடு இன்னும் இரண்டு இடம் நடந்தாள். புண் அழுகியது. மருந்து இல்லை. தறப்பாளுக்குக் கீழே ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. அங்கேதான் உயிர் போனது. குழந்தை பிழைத்தது. அதன் தகப்பன் வீட்டார் கனடாவுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது பெரிய பெண். போனில் பேசும்போது அவள் அறையைக் காட்டச் சொல்வேன். குப்பைமேடு. திட்டுவேன்.

*

பிறகு முள்வேலி முகாம். பிறகு இந்தியா. பிறகு இங்கே ஒரு முகாம். அங்கே ஏழுமலை வந்தார். கரும்பு லாரி ஓட்டுகிறவர். முகாமுக்கு மணல் லோடு அடிக்க வந்தவர் என் வாசலைப் பார்த்து, "இந்த ஒரு வூடுதான் வூடு மாதிரி கீது," என்றார். கல்யாணம் ஆனது. பிள்ளை இல்லை. முகாமுக்கு வெளியே இருக்க அனுமதி வாங்கி அவர் வீட்டுக்கு வந்தேன். அதற்காக மாதாமாதம் போய்க் கையெழுத்துப் போடுகிறேன்.

ஓட்டு வீடு. முன்பக்கம் தகரச் சாய்ப்பு. இரண்டு அறை. சிமெண்ட் தரை. வந்த அன்றே வரிசையை வைத்தேன். கதவுக்கு வலப்பக்கம் தண்ணீர்க் குடம். இடப்பக்கம் மூட்டை. அதில் என் காகிதங்களும் அக்காவின் படமும். இரண்டாம் தட்டில் தோய்த்து மடித்த பழந்துணி. மாடத்தில் தீப்பெட்டி. செருப்பு வெளியே பார்த்தபடி.

ஏழுமலை நல்ல மனிதர். ஆனால் பீடி பற்றவைத்துவிட்டுத் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். பத்து நாள் சண்டை.

"ஒரு தீப்பெட்டிக்கு இம்மாம் கத்துறியே. இது இன்னா வூடா, மிலிட்டிரி கேம்பா?"

"பங்கர்," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் தீப்பெட்டியை எடுக்கவில்லை. லைட்டர் வாங்கிக்கொண்டார்.

எதிர் வீடு சின்னப்பொண்ணு. மலை ஜனம். கரியாலூர்ப் பக்கம். மேலே சாமைக்கு மழை பொய்த்த வருடம் அவளும் புருஷன் வெள்ளையனும் கீழே இறங்கினார்கள். மண் சுவர். மண் தரை. வாரம் தவறாமல் சாணியும் செம்மண்ணும் கரைத்து மெழுகுவாள். மெழுகும்போது யாரும் குறுக்கே வரக்கூடாது. உள்மூலையில் தொடங்குவாள். பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வருவாள். கடைசியில் வெளியே நின்று கையைக் கழுவுவாள். காயும்வரை ஒருவரும் உள்ளே போகமுடியாது. மலையில் ஈர மெழுகலில் கால் வைப்பது அந்த வீட்டுக்காரியின் முகத்தில் கால் வைப்பது மாதிரி. மாமியாரே வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

"உனக்குச் செருப்பு, எனக்குச் சாணி," என்பாள். "ரெண்டு பைத்தியமும் எதிரெதிர் வூடு."

*

பிறகு குவாரி.

குவாரி முன்பே இருந்தது. மலையின் அந்தப் பக்கம். அங்கே கல் தீர்ந்தது. இந்தப் பக்கத்துப் பாறைக்கு வந்தார்கள். எங்கள் கொல்லைக்குப் பின்னாலேயே. காலையில் டிரில் மிஷின். கிர்ர்ர்ர் என்று பல்லுக்குள் போகும். மதியம் வெடி.

வெள்ளையனுக்கு அங்கே வேலை. வெடிக்கு முன்னால் தெருவில் இறங்கிக் கத்த வேண்டும். வீடு வீடாகப் பார்த்து ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு கோயில் மைதானத்துக்குப் போவோம். தெரு காலியானதும் அவன் சிவப்புத் துணியை ஆட்டுவான். மேலே இருப்பவன் சுவிட்சைப் போடுவான். ஆள் இருந்தால் போடக்கூடாது. அதுதான் சட்டம்.

தினமும் போனோம். மாவரைத்தது பாதியில். சோறு கொதிப்பது பாதியில். காய்ச்சலில் கிடந்தவளைக் கைத்தாங்கலாக. கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காத்திருப்போம். தரை குத்தும். திரும்பி வருவோம். அடுக்கியதெல்லாம் கீழே. தண்ணீரின் மேல் வெள்ளைத் தூள். சோற்றில் தூள். படுக்கையில் தூள். சுவரில் புதிதாக ஒரு கோடு.

நான் மறுபடியும் அடுக்குவேன். அடுத்த நாள் மறுபடியும் விழும்.

இதற்கு எங்கள் ஊரில் பெயர் இடப்பெயர்வு. இங்கே இவர்கள் வெடி நேரம் என்றார்கள். சிரித்துக்கொண்டே போனார்கள். நான் சிரிக்கவில்லை. கதவைப் பூட்டினேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். தெருவே பார்த்தது.

"சிலோன் அக்கா மூட்டைய எங்க தூக்கிகினு போது? கப்பல் ஏறவா?"

போகட்டும். சொல்லட்டும்.

குவாரி மேனேஜர் ஒவ்வொரு வீடாக விலை பேசினான். வெள்ளைச் சட்டை. மோதிரம். மூன்று வீட்டார் விற்றார்கள். ஒரு குடும்பம் சேலம் போனது. ஒரு குடும்பம் கள்ளக்குறிச்சிக்குப் போய் வாடகைக்கு இருக்கிறது. மூன்றாவது குடும்பம் எங்கே என்று தெரியவில்லை. ஏழாக இருந்தது நாலாக ஆனது.

ஏழுமலையும் அசைந்தார். சாப்பிடும்போது சொன்னார்.

"குடுத்துட்டுப் போய்டலாம். தினம் தினம் நீ நடுங்கிகினு கீற. எனக்குப் பாக்க முடியல."

"எங்க போறது?"

"எங்கனா. வேற வூடு பாத்துக்கலாம்."

"எத்தின வீடு பாக்கிறது நான்? சொல்லுங்கோ. எத்தின?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் எச்சில் தட்டைக் கழுவி அதன் இடத்தில் வைத்தேன். என்னுடைய இடத்தை இன்னொருவன் தீர்மானித்தது போதும். அடுத்த நாள் போகக்கூடாது என்று அந்தத் தட்டை வைக்கும்போதே முடிவு செய்தேன்.

*

"வெடீ! வெடீ! வெடி!"

தரை துடைத்துக்கொண்டிருந்தேன். எழவில்லை.

வெள்ளையன் வாசலில் நிற்கிறான். மூச்சு வாங்குகிறான்.

"யக்கா, வெளிய வா. பாறைல வெடிமருந்து வெச்சாச்சு. எல்லாம் ரெடி."

"வேலை முடியேல்ல."

"வந்து தொடச்சிக்கக்கா."

"இவ்வளவு நாளும் வந்துதான் துடைச்சன். இண்டைக்கு இருந்து துடைக்கிறன். நீ போ. ஆள் இருக்கு எண்டு சொல்லு."

கெஞ்சினான். கையெடுத்துக் கும்பிட்டான். நான் வாளியைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். அவன் துணியை ஆட்டவில்லை. அன்று வெடி இல்லை. மாலையில் மேனேஜர் வந்தான். செருப்போடு படியேறினான்.

"செருப்பு," என்றேன்.

கேட்கவில்லை. துடைத்த தரையில் நின்றுகொண்டு பேசினான்.

"அகதியா வந்தவளுக்கு இம்மாம் திமுரா? உன் பேப்பர் இன்னா நெலமைல கீதுன்னு விசாரிக்கச் சொல்லட்டுமா? ஒரு போன் போட்டா மறுபடியும் கேம்ப்புதான்."

இதுதான் அவனிடம் இருந்த ஷெல். புறப்படும் சத்தம் எனக்குக் கேட்டது. மூட்டையைப் பார்த்தேன். அனுமதிக் காகிதம் அதற்குள் இருந்தது. ஒரு கையெழுத்தில் போய்விடக்கூடிய காகிதம். பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஏழுமலை எழுந்து நின்றார். நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"போன் போடு," என்றேன். "போறதுக்கு முதல், நீ மிதிச்ச இடத்தைத் துடைச்சிட்டுப் போ."

துடைக்கவில்லை. போய்விட்டான். நான் துடைத்தேன்.

அன்று இரவு ஏழுமலை விலை பற்றிப் பேசவில்லை. கதவுப்பக்கம் போய் என் செருப்பைப் பார்த்தார். தன் செருப்பையும் அதேபோலத் திருப்பி வைத்தார்.

*

அடுத்த நாள் கத்தல் வந்தது. நான் வெளியே போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

எதிர் வீட்டில் சின்னப்பொண்ணு மெழுகிக்கொண்டிருந்தாள். அது மெழுகும் கிழமை இல்லை. வாசற்படியில் மண்டியிட்டிருந்தாள். முகம் தெருவைப் பார்த்து. வாசலில் மெழுகினாள். பின்னால் நகர்ந்தாள். மெழுகினாள். பின்னால் நகர்ந்தாள். எனக்கு முதலில் புரியவில்லை. தலைகீழாகச் செய்கிறாளே என்று நினைத்தேன். வாசலில் தொடங்கி உள்ளே போகிறாள். முடிக்கும்போது உள்மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் வாசலுக்கும் நடுவே முழுத் தரையும் ஈரம்.

வெள்ளையன் வாசலில் வந்து நின்றான். கால் தூக்கினான். வைக்கவில்லை.

"ஏய், வெளிய வா! வெடி வெச்சிகீது!"

"மெழுகிகீறேன். கண்ணு இல்ல?"

"எவளாவது வாசல்லேருந்து மெழுகுவாளாடி?"

"நான் மெழுகுவேன். என் வூடு. காயட்டும், வரேன்."

"எப்பக் காயும்?"

"அத்தத் தரையக் கேளு."

அவன் அங்கேயே நின்றான். புருஷன்தான். உள்ளே புகுந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஈர மெழுகலில் கால் வைக்க அவனால் முடியவில்லை. மலையில் பிறந்தவன். சிவப்புத் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு படிக்கு வெளியே குந்திவிட்டான். அன்றும் வெடி இல்லை.

அதற்கடுத்த நாள் நாலு வீட்டிலும் மெழுகினோம். எனக்குச் சிமெண்ட் தரை. அதனால் வாசலை மெழுகினேன். சின்னப்பொண்ணுதான் சாணி கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குக் கை பழக்கமில்லை. திட்டுத்திட்டாக வந்தது.

"இன்னாக்கா இது, மாடு மிதிச்சாப்ல?" என்று அவள் எதிர் வீட்டிலிருந்து கத்தினாள்.

"வந்து மெழுகு!"

"எப்படி வர்றது? நானும் மாட்டிகினு கீறேன்ல!"

தெருவே சிரித்தது. வெடி நேரத்தில் நாலு வீட்டுப் பெண்கள் நாலு மூலையில் உட்கார்ந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பையும் சத்தங்களின் கணக்கில் சேர்க்கிறேன்.

மதியம் ஏழுமலை லாரியிலிருந்து பசியோடு இறங்கினார். ஈர வாசலைப் பார்த்தார்.

"நான் எங்க சாப்பிடறது?"

"கோயிலுக்குப் போங்கோ. இவ்வளவு நாளும் நாங்க போனம்."

போனார். மற்ற புருஷன்மாரும் போனார்கள். வேப்பமரத்தடியில் இந்த முறை ஆண்கள்.

பல நாள் இப்படி. பாத்திரம் விழவில்லை. குடத்துத் தண்ணீரில் தூள் இல்லை. கை நடுங்கவில்லை. பயந்துகொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனால் என் வீட்டுக்குள், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க உட்கார்ந்தேன்.

*

பிறகு ஒரு நாள் கத்தல் வரவில்லை.

அதன் அர்த்தம் தெரியாமல் போனதுதான் கொடுமை. கத்தல் இல்லை என்றால் வெடி இல்லை என்று நினைத்தோம். வெள்ளையனை அன்று கிரஷருக்கு ஜல்லி அள்ளப் போகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஊரிலிருந்து வேறு ஒருவனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். துணி ஆட்டவில்லை. விசாரிக்கவில்லை. நாங்கள் பழக்கத்தில் மெழுகிக்கொண்டிருந்தோம்.

குத்து. அடுத்த கணமே சத்தம். நடுவில் இடைவெளியே இல்லை. கூரை ஓடுகள் மேலே எழும்பி விழுந்தன. வெளிச்சம் போனது. காது போனது. வாய் நிறையத் தூள்.

வன்னியா, இங்கேயா என்று தெரியவில்லை. அக்கா, அக்கா என்று கத்தினேன். கத்தியது எனக்கே கேட்கவில்லை. கத்திக்கொண்டே கை போனது. இரண்டாம் தட்டு. துணி. வலப்பக்கம். குடம். குடம் சாயவில்லை. மூங்கில் வளையத்துக்குள் வைத்திருந்தேன். செருப்பில் கால் நுழைந்தது. குடத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

எதிர் வீட்டில் ஒரு பக்கச் சுவர் இல்லை. கூரையில் ஓட்டை. நடுவீட்டில் ஒரு கல். ஆட்டுக்குட்டி அளவு. உள்மூலையில் சின்னப்பொண்ணு சுருண்டிருந்தாள். காதுப்பக்கம் ரத்தம்.

எனக்கு முன்னால் வெள்ளையன் பாய்ந்தான். கிரஷரிலிருந்து கொல்லை வழியாக ஓடிவந்திருக்கிறான். வாசலில் நிற்கவில்லை. ஈர மெழுகலில் ஒரே தாண்டு. ஒரு கால் மட்டும் ஆழமாகப் பதிந்தது. அவளை மடியில் தூக்கிப்போட்டுக்கொண்டு கத்தினான். வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

நான் கட்டினேன். தலையைச் சுற்றி. இறுக்கமாக. முகத்தைக் கழுவினேன். மூக்கு, வாய். என் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. புருஷன் காலைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் காது திரும்பியிருந்தது. கேட்டது.

"செருப்புக் காலோடவா வந்த?"

"வெறுங்காலு," என்று அழுதான். "வெறுங்காலுடி."

ஏழுமலையின் லாரியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாங்கள் திரும்புவதற்குள் கோயில் மைதானத்தில் இருந்தவர்கள், வடக்கனந்தல் ரோட்டில் வேலை செய்தவர்கள், எல்லோரும் டிப்பர் லாரிகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் என் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லை. அவன் அங்கே இல்லை. அதிகாரிகள் வந்தார்கள். டேப் வைத்து அளந்தார்கள். வீடு கிட்டத்தில் இருக்கிறது என்றார்கள். நாங்கள் அதைத்தான் சொன்னோம். ரத்தம் வந்த பிறகுதான் டேப் வந்தது. இந்தப் பக்கத்துப் பாறையில் வேலையை நிறுத்தினார்கள். வேலி போட்டார்கள். மலையின் அந்தப் பக்கம் இன்னும் வெடிக்கிறது. தூரத்தில் "டும்". அந்தப் பக்கத்திலும் யாருக்காவது வீடு இருக்கும்.

சின்னப்பொண்ணு வீட்டுக்கு வந்த அன்று பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். மெழுகலில் வெள்ளையனின் கால் தடம் காய்ந்து கிடக்கிறதாமே, அதைப் படம் எடுக்க வேண்டும் என்றார். நல்ல படமாக வரும் என்றார். அவரை எதிர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சின்னப்பொண்ணு தலையில் கட்டோடு மண்டியிட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல. உள்மூலையில் தொடங்கி வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள்.

"தடம் எங்கம்மா?"

அவளுக்கு இப்போது இடக்காது கேட்காது. திரும்பி வலக்காதைக் காட்டினாள். அவர் மறுபடியும் கேட்டார்.

"அழிச்சிட்டேன்," என்றாள். "வூடுன்னா மெழுக வேணாமா? நீ தள்ளி நில்லு. ஈரம்."

*

போனவை.

அங்கே: அப்பா. அம்மா. அக்கா கௌரி. பக்கத்துப் பங்கர்க் கிழவர், பெயர் கேட்க நேரம் இருக்கவில்லை. வீடு ஒன்று. மாட்டு வண்டியும் மாடுகளும். அம்மாவின் கூறைச் சேலை. எத்தனை பங்கர் வெட்டினேன் என்று எண்ணவில்லை. அத்தனையும் கூட்டி வைத்தேன், அத்தனையும் விட்டுவிட்டு வந்தேன்.

இங்கே: தெருவில் மூன்று குடும்பம். சின்னப்பொண்ணின் இடக்காது. அவள் வீட்டில் ஒரு சுவர். அதை நாங்களே மண் குழைத்து எழுப்பிவிட்டோம். வெள்ளையனின் வேலை. அவன் இப்போது வாரத்தில் பாதி நாள் மலையேறி கரியாலூரில் கொல்லை வேலை பார்க்கிறான். என் கூரையில் பாதி ஓடு. ஒரு பெரிய குண்டான், நசுங்கிவிட்டது, ஆனாலும் அதன் இடத்தில்தான் இருக்கிறது. ஒரு கால் தடம். அதைச் சின்னப்பொண்ணே அழித்தாள்.

என் வீடு போகவில்லை. தவமலர் போகவில்லை. எழுதி வையுங்கள்.